பழைய மவுசரா, புதிய ரைபிளா? வேட்டைத் துப்பாக்கியின் ‘தாழ்ப்பாள்’ சொல்லும் கதை

பெங்களூரிலிருந்து ஓசூர், தேன்கனிக்கோட்டை வழியாக அஞ்செட்டி பக்கம் பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஜவளகிரி காடு தெரிந்திருக்கும். இன்று அந்தப் பக்கம் யானைக் கூட்டம் நடமாடுவதுதான் செய்தி. ஒரு காலத்தில் ஜவளகிரி என்றாலே ஆட்கொல்லிப் புலிதான் நினைவுக்கு வரும்.

அந்தப் பெண் புலியைச் சுட்டவர் கென்னத் ஆண்டர்சன். 1910-ல் பிறந்து, 1974-ல் பெங்களூரில் காலமானவர். பெங்களூர் விமானத் தொழிற்சாலையில் பொறுப்பான பதவியில் இருந்தவர். 1954-ல் வெளிவந்த அவரது முதல் புத்தகத்தில் ஜவளகிரிப் புலியின் கதை இருக்கிறது.

ஆண்டர்சன் தூக்கிக்கொண்டு அலைந்த துப்பாக்கி .405 வின்செஸ்டர், 1895-ம் வருட மாடல். அது ‘லீவர்’ ரகம். விரல் வைக்கும் வளையத்தைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் பழைய தோட்டாக் கூடு வெளியே விழும், புதிய தோட்டா உள்ளே போகும்.

ஆனால் உலகம் முழுவதும் வேட்டைக்காரர்களும் சிப்பாய்களும் பெரும்பாலும் நம்பியது வேறு ரகத்தை. அதுதான் ‘போல்ட்’ ரைபிள். சுமார் 130 ஆண்டுகளாக அதன் அடிப்படை மாறவில்லை. செய்யும் விதம்தான் மாறியிருக்கிறது. பழைய போல்ட் சிறந்ததா, புதிய போல்ட் சிறந்ததா என்ற விவாதம் துப்பாக்கிப் பிரியர்களிடையே இன்றும் ஓயவில்லை. லேத்திலும் மில்லிங் மெஷினிலும் வேலை பார்த்தவர்களுக்கு இந்த விவாதம் உடனே புரியும். ஏனென்றால் இதில் பாதி வேட்டை, பாதி தொழிற்சாலை!

கதவுத் தாழ்ப்பாள் தத்துவம்

‘போல்ட்’ என்றால் தாழ்ப்பாள்தான். பழைய காலத்து இரும்புத் தாழ்ப்பாளை நினைத்துக்கொள்ளுங்கள். குமிழைப் பிடித்து மேலே தூக்கி, பின்னால் இழுத்தால் கதவு திறக்கும். முன்னால் தள்ளி, கீழே மடக்கினால் பூட்டிக்கொள்ளும். போல்ட் ரைபிள் வேலை செய்வதும் இப்படித்தான்.

உருண்டையான ஓர் எஃகுத் தண்டு. அதன் முனையில் ‘லக்’ எனப்படும் இரண்டு காதுகள். தண்டை முன்னால் தள்ளித் திருப்பினால், இந்தக் காதுகள் துப்பாக்கியின் உடம்பில் வெட்டப்பட்ட பள்ளங்களில் உட்கார்ந்து பூட்டிக்கொள்ளும். அந்த உடம்புக்கு ‘ரிசீவர்’ என்று பெயர். தண்டுக்குள்ளே ஸ்பிரிங்கும் ஊசியும் இருக்கின்றன. விசையை இழுத்ததும் ஊசி பாய்ந்து தோட்டாவின் அடியைக் குத்தும். மருந்து வெடிக்கும். குண்டு குழல் வழியாகப் பறக்கும்.

குண்டை முன்னால் தள்ளும் அதே வேகம் பின்னாலும் தள்ளும். அந்த அழுத்தம் எவ்வளவு? கார் டயரில் சதுர அங்குலத்துக்குச் சுமார் 30 பவுண்டு காற்று அடைக்கிறார்கள். .30-06 ரகத் தோட்டா வெடிக்கும்போது எழும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 60 ஆயிரம் பவுண்டு வரை போகும். கார் டயரைப் போல இரண்டாயிரம் மடங்கு!

இந்த அழுத்தத்துக்கும் சுடுகிறவரின் முகத்துக்கும் நடுவே நிற்பது இரண்டு சிறிய எஃகுக் காதுகள்தான். அவை தாங்கினால் வேட்டை. தாங்காவிட்டால் ஆஸ்பத்திரி.

கண்ணை இழந்த மேதை

போல்ட் ரைபிளுக்கு இலக்கணம் வகுத்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த பால் மவுசர் (1838-1914). ஓபர்ண்டார்ஃப் என்ற சிறு நகரில் துப்பாக்கித் தொழிலாளியின் குடும்பத்தில் பிறந்தவர். 1901-ல் தாமே தயாரித்த தானியங்கித் துப்பாக்கி ஒன்றைச் சோதித்தபோது ஏற்பட்ட விபத்தில் ஒரு கண்ணை இழந்தார்.

1898-ல் ஜெர்மன் ராணுவம் ஏற்றுக்கொண்ட ‘மவுசர் 98’ ரைபிள்தான் அவரது பெயரை நிலைநாட்டியது. சுடுகிறவனின் பாதுகாப்பை முன்னிட்டு அதில் செய்த ஏற்பாடுகள் பல. முன்னால் இரண்டு பெரிய காதுகள். அவை உடைந்தாலும் தண்டு பின்னால் பறந்துவிடாமல் தடுக்க, மூன்றாவதாக ஒரு காது. தோட்டாக் கூடு கிழிந்து ஆவி பின்னால் வந்தால், அதைப் பக்கவாட்டில் திருப்பிவிட போல்ட்டில் துளைகள். மீறி வரும் ஆவி கண்ணில் அடிக்காதபடி பின்முனையில் அகலமான ஒரு தடுப்பு.

எல்லாவற்றுக்கும் மேலாக, போல்ட்டின் பக்கவாட்டில் நீளமான ஒரு கொக்கி. பெட்டியிலிருந்து தோட்டா மேலே எழும்பும்போதே அதன் விளிம்பை இந்தக் கொக்கி கவ்விக்கொள்ளும். கூட்டை வெளியே எறியும் வரை விடாது. இந்தக் கொக்கியைப் பற்றித்தான் இன்றுவரை சண்டை!

மவுசரின் அமைப்பு அவ்வளவு சிறப்பாக இருந்ததால், அமெரிக்க ராணுவம் 1903-ல் செய்த ‘ஸ்பிரிங்ஃபீல்ட்’ ரைபிளில் அதை அப்படியே பின்பற்றியது. காப்புரிமைப் பிரச்சினை வந்தது. கடைசியில் மவுசர் கம்பெனிக்கு 2 லட்சம் டாலர் கட்டணம் கொடுத்துத்தான் அமெரிக்கா அதைத் தீர்த்தது.

கார்பெட் பெற்ற பரிசு

இந்தியாவில் மவுசருக்குப் புகழ் தேடித் தந்தவர் ஜிம் கார்பெட். குமாவூன் மலைப்பகுதியில் 436 பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட சம்பாவத் பெண் புலியை அவர் 1907-ல் சுட்டு வீழ்த்தினார். அதைப் பாராட்டி, அப்போதைய ஐக்கிய மாகாணத்தின் லெப்டினன்ட் கவர்னர் சர் ஜான் ஹூவெட் அவருக்கு ஒரு ரைபிளைப் பரிசளித்தார். லண்டன் ரிக்பி கம்பெனி, மவுசர் போல்ட்டை வைத்துச் செய்த .275 ரைபிள் அது. எடை குறைவு, உதை குறைவு, குறி தப்பாது. மலை ஏறி இறங்குகிறவருக்கு வேறென்ன வேண்டும்?

ஆப்பிரிக்காவில் ‘கரமோஜோ’ பெல் என்ற வேட்டைக்காரர் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர். அவற்றில் பெரும்பகுதியை இதே .275 மவுசரால்தான் சுட்டார். குண்டின் பருமனைவிட அது போய்ச் சேரும் இடமே முக்கியம் என்பது அவரது கட்சி. இன்றைய கண்ணோட்டத்தில் அந்த எண்ணிக்கையைக் கேட்டால் பெருமை வராது, வேதனைதான் வரும். ஆனால் அத்தனை முறையும் அந்த போல்ட் தடங்கலின்றி வேலை செய்தது என்பது உண்மை.

இச்சாப்பூர் துப்பாக்கி

இந்தியாவில் சாதாரண ஜனங்கள் அதிகம் பார்த்த போல்ட் ரைபிள் மவுசர் ரகம் அல்ல. போலீஸ் ஸ்டேஷன் வாசலில் சென்ட்ரி கையில் நின்ற .303, ‘லீ என்ஃபீல்டு’ ரகம். உத்தரப் பிரதேச போலீஸ் அதற்கு விடை கொடுத்ததே 2020 ஜனவரியில்தான்.

லீ ரகத்துக்கும் மவுசர் ரகத்துக்கும் என்ன வித்தியாசம்? மவுசரில் பூட்டும் காதுகள் போல்ட்டின் முன்முனையில், தோட்டாவை ஒட்டி இருக்கின்றன. லீயில் அவை பின்பக்கம் இருக்கின்றன. அதனால் போல்ட்டை இழுக்க வேண்டிய தூரம் குறைவு, வேகம் அதிகம். பெட்டியில் பத்துத் தோட்டா பிடிக்கும். போருக்கு உகந்தது. ஆனால் வெடிக்கும்போது தண்டு முழுவதும் அழுத்தத்தில் சிறிது நசுங்கி விரியும். .303-க்கு அது தாங்கும். அதைவிட வலுவான தோட்டா போட்டால் ஆபத்து. 1960-களில் இச்சாப்பூர் தொழிற்சாலை இதே ரைபிளை 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு மாற்றியபோது, எஃகையும் மேலான ரகமாக மாற்ற வேண்டியிருந்தது.

கல்கத்தாவை அடுத்த இச்சாப்பூரில் இந்த ரைபிள் தொழிற்சாலை 1904-ல் ஏற்பட்டது. பொதுமக்களுக்கு அங்கே செய்யும் .315 ‘ஸ்போர்ட்டிங் ரைபிள்’ லைசென்ஸ்தாரர்களிடையே பிரபலமானது. அதுவும் லீ ரகமே. ‘அது என்ன .315?’ என்று பலர் கேட்பதுண்டு. ராணுவத் தோட்டா வெளியார் துப்பாக்கியில் பொருந்தக்கூடாது என்பது வெள்ளைக்காரன் காலத்து எச்சரிக்கை. அதனால் ராணுவம் பயன்படுத்தாத அளவு ஒன்று மக்களுக்கு ஒதுக்கப்பட்டது. .303 இன்றும் தனியாருக்குத் தடை செய்யப்பட்ட அளவாகவே இருக்கிறது.

2021 அக்டோபர் 1-ந்தேதி முதல் அரசு ஆயுதத் தொழிற்சாலைகள் எல்லாம் ஏழு கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டன. இச்சாப்பூரும், 1966-ல் ஏற்பட்ட திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையும் இப்போது கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரே கம்பெனியின் கீழ் வருகின்றன.

செதுக்கிய காலமும் கடைந்த காலமும்

பழைய மவுசரின் ரிசீவரை எப்படிச் செய்தார்கள்? பழுக்கக் காய்ச்சிய எஃகை அச்சில் வைத்து அடித்து உருவாக்குவார்கள். பிறகு அதை ஒவ்வொரு மெஷினாக ஏற்றி இறக்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்குவார்கள். கடைசியில் ஃபிட்டர் அரம் பிடித்து, போல்ட்டை ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனித்தனியே பொருத்துவார். எஃகில் பெரும்பகுதி சீவலாகப் போய்விடும். கூலி குறைவாக இருந்த காலத்தில் அது கட்டுப்படியானது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கூலி ஏறியது. அமெரிக்க கம்பெனிகள் யோசித்தன. 1948-ல் ரெமிங்டன் கம்பெனி கொண்டுவந்த வடிவம், 1962-ல் ‘மாடல் 700’ என்ற பெயரில் புகழ் பெற்றது. அதன் ரிசீவர் உருண்டையான எஃகுக் கம்பியிலிருந்து லேத்தில் கடைந்தது. மவுசரில் ரிசீவரோடு சேர்த்துச் செதுக்கும் உதைதாங்கிப் பகுதியை, இதில் தனி ‘வாஷர்’ போலச் செய்து குழலுக்கும் ரிசீவருக்கும் நடுவில் வைத்து இறுக்கிவிட்டார்கள். வேலை மிச்சம், காசு மிச்சம். உருண்டை வடிவம் என்பதால் நேராகவும் அமைந்தது. குறியும் நன்றாக விழுந்தது.

1958-ல் வந்த ‘சாவேஜ் 110’ இன்னொரு படி மேலே போனது. குழலை ரிசீவரில் பொருத்துவதுதான் ரைபிள் வேலையிலேயே நுணுக்கமானது. அனுபவம் மிக்க ஃபிட்டருக்கு நேரம் பிடிக்கும் வேலை. சாவேஜ் கம்பெனி குழலின் மேல் ஒரு பெரிய நட்டை மாட்டியது. கேஜை உள்ளே வைத்து, குழலை அது தொடும் வரை திருகி, நட்டை இறுக்கினால் முடிந்தது. 1968-ல் ரூகர் கம்பெனி ரிசீவரை மெழுகு அச்சு முறையில் வார்த்தே எடுத்தது. இன்று கம்ப்யூட்டர் மெஷின்கள் மனிதக் கை படாமலேயே நூலிழை பிசகாமல் வெட்டித் தருகின்றன.

பலன்? நூறு கஜ தூரத்தில் மூன்று குண்டுகளும் இரண்டு, மூன்று அங்குலத்துக்குள் விழுந்தால் அந்தக் காலத்து வேட்டைக்காரருக்குத் திருப்தி. இன்று மலிவு விலை ரைபிளே ஓர் அங்குலத்துக்குள் போடும் என்று கம்பெனிகள் உறுதி கூறுகின்றன. தூரக் கண்ணாடி மாட்டுவதும் எளிது. பழைய மவுசரில் போல்ட் குமிழும் பாதுகாப்புப் பூட்டும் கண்ணாடியில் இடிக்கும். அதற்காகவே பல நல்ல மவுசர்களின் குமிழை வெட்டி மாற்றினார்கள். மவுசரின் குமிழை 90 டிகிரி தூக்க வேண்டும். புதிய ரகங்கள் பலவற்றில் 60, 70 டிகிரி போதும்.

கவ்வும் கொக்கியா, தள்ளும் போல்ட்டா?

அப்படியானால் பழையது எதற்கு? இங்கேதான் அந்தக் கொக்கி வருகிறது.

ரெமிங்டன் போன்ற புதிய ரகங்களில் போல்ட் தோட்டாவைக் கவ்வுவதில்லை. முன்னால் தள்ளிக்கொண்டு மட்டும் போகிறது. கடைசி நிமிடத்தில்தான் சின்னக் கொக்கி ஒன்று விளிம்பில் மாட்டிக்கொள்கிறது. சாதாரணமாக இதில் ஒரு தொல்லையும் இல்லை.

ஆனால் எதிரே காட்டெருமை பாய்ந்து வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் போல்ட்டைப் பாதி தள்ளிவிட்டு, மீண்டும் இழுத்து, மீண்டும் தள்ளினால் என்ன ஆகும்? முதல் தோட்டா குழல் வாயில் கிடக்கும். இரண்டாவது தோட்டா அதன் பின்னால் போய் இடிக்கும். துப்பாக்கி மாட்டிக்கொள்ளும். மவுசரில் இப்படி நடக்காது. முதல் தோட்டாவைக் கொக்கி கவ்வியிருப்பதால், இழுக்கும்போது அது வெளியே வந்துவிடும்.

இதனால்தான் ஆப்பிரிக்காவில் யானை, சிங்கம் உள்ள காடுகளில் வழிகாட்டிகளாக இருப்பவர்களில் பலர் இன்றும் மவுசர் ரகத்தையே கேட்டு வாங்குகிறார்கள்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ரெமிங்டன் போல்ட்டின் முகம் கிண்ணம் போலக் குழிந்தது. தோட்டாவின் அடியை அது முழுவதும் சுற்றி மூடிக்கொள்ளும். கூடு கிழிந்தாலும் ஆவி வெளியேற வழி குறைவு. நீளக் கொக்கிக்காக ஒரு பக்கம் திறந்துவிட்ட மவுசரைவிட இது ஒரு விதத்தில் பலமான பூட்டு.

வாடிக்கையாளர்கள் எதை விரும்பினார்கள் என்பதற்கு வின்செஸ்டர் கம்பெனியின் கதை சாட்சி. 1936 முதல் கவ்வும் கொக்கியோடு வந்த அதன் ‘மாடல் 70’ அமெரிக்க வேட்டைக்காரர்களின் செல்லப்பிள்ளை. செலவைக் குறைக்க 1964-ல் கொக்கியை எடுத்துவிட்டுத் தள்ளும் ரகமாக மாற்றினார்கள். கூக்குரல் எழுந்தது. ‘1964-க்கு முந்தையது’ என்றாலே தனி விலை என்றாயிற்று. 1990-களில் கம்பெனி பழைய கொக்கியையே திரும்பக் கொண்டுவந்தது.

வெயிலால் வந்த வினை

பழையது எல்லாம் தங்கம் என்று நினைத்தால் அதுவும் தவறு. மேலே சொன்ன அமெரிக்க ஸ்பிரிங்ஃபீல்ட் ரைபிளின் கதையைக் கேளுங்கள்.

1917-ல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கிய நேரம். சில ரைபிள்களின் ரிசீவர்கள் சுடும்போது கண்ணாடி போலச் சிதறின. விசாரணை நடந்தது. எஃகிலோ வரைபடத்திலோ பெரிய தவறு இல்லை. தவறு உலைக்களத்தில் இருந்தது.

அங்கே எஃகு எவ்வளவு காய்ந்தது என்பதை அனுபவமுள்ள தொழிலாளிகள் நிறத்தைப் பார்த்தே முடிவு செய்தார்கள். மேகமூட்டமான நாளில் சரியாகத் தெரியும் சிவப்பு, வெயில் பளீரென்று அடிக்கும் நாளில் மங்கித் தெரியும். ‘இன்னும் காயவில்லை’ என்று கூடுதலாகக் காய்ச்சிவிட்டார்கள். வெப்பமானியை வைத்து அளந்து பார்த்தபோது, தேவையைவிட 300 டிகிரி ஃபாரன்ஹீட் வரை அதிகமாகப் போயிருந்தது தெரியவந்தது. அப்படிக் கருகிய எஃகு மேலே கடினமாக இருக்கும், ஆனால் அடி தாங்காமல் நொறுங்கும்.

அதன் பிறகு வெப்பமானி கட்டாயமானது. பதம் ஏற்றும் முறையும் மாற்றப்பட்டது. ஸ்பிரிங்ஃபீல்ட் தொழிற்சாலையில் 8 லட்சத்துக்குக் கீழே நம்பர் உள்ள அந்த ரைபிள்களைச் சுடக்கூடாது என்று விவரம் தெரிந்தவர்கள் இன்றும் எச்சரிக்கிறார்கள். பார்வைக்கு அழகாக இருக்கும். நம்பரைப் பார்க்காமல் நம்பினால் போச்சு!

மாற்றி மாட்டினால் ஆபத்து

கனடா நாட்டின் ‘ராஸ்’ ரைபிள் இன்னொரு பாடம். குமிழைத் தூக்காமல், நேராக இழுத்து நேராகத் தள்ளும் போல்ட் அது. பந்தயத்தில் பரிசுகளை அள்ளியது. 1915-ல் பெல்ஜியத்தின் சேற்றுப் போர்க்களத்தில் மாட்டிக்கொண்டது. சிப்பாய்கள் பூட்ஸ் காலால் உதைத்துத் திறக்க வேண்டியிருந்தது. பலர் அதை எறிந்துவிட்டு, இறந்துபோன ஆங்கிலேயச் சிப்பாய்களின் லீ என்ஃபீல்டை எடுத்துக்கொண்டார்கள்.

அதைவிட மோசம் வேறொன்று. சுத்தம் செய்யக் கழற்றிய போல்ட்டைத் தவறாக மாட்டினாலும் அது உள்ளே போய்விடும். பூட்டியது போலத் தோன்றும். ஆனால் காதுகள் பூட்டியிருக்காது. சுட்டால் போல்ட் சுடுகிறவரின் முகத்தை நோக்கிப் பாயும். 1916-ல் அதைப் போர்முனையிலிருந்து விலக்கினார்கள்.

நேராக இழுக்கும் அதே எண்ணம் இன்று ஜெர்மனியின் ‘பிளேசர்’ ரைபிள்களில் நல்ல முறையில் திரும்பி வந்திருக்கிறது. எண்ணத்தில் குறை இல்லை, தவறாக மாட்ட இடம் கொடுத்ததுதான் குறை என்பது தெளிவு.

புதியதிலும் விழுந்த ஓட்டை

புதிய ரகங்களும் பழிக்குத் தப்பவில்லை. ரெமிங்டன் 700-ன் விசைக்குள் தனியாக ஒரு சிறு துண்டு உண்டு. அதன் இடுக்கில் அழுக்கோ, உறைந்த எண்ணெயோ புகுந்தால், விசையைத் தொடாமலே வெடிக்கக்கூடும் என்று புகார்கள் எழுந்தன.

2000-ம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில் வேட்டை முடிந்து திரும்பிய ஒரு குடும்பத்தில், தாய் தோட்டாவை வெளியே எடுப்பதற்காகப் பாதுகாப்புப் பூட்டை நீக்கினார். துப்பாக்கி வெடித்தது. ஒன்பது வயது மகன் உயிரிழந்தான். 1982-க்கு முன் வந்த அந்த மாடல்களில், பூட்டை நீக்கினால்தான் போல்ட்டைத் திறக்க முடியும் என்பது குறிப்பிடத்தக்கது.

விசையில் குறை இல்லை என்று கம்பெனி கடைசி வரை சொன்னது. வழக்கு நீண்டது. சுமார் 75 லட்சம் துப்பாக்கிகளுக்கு விசையை மாற்றித் தரும் சமரச ஏற்பாடு 2018-ல் முடிவானது.

பெங்களூர் தயாரிப்பு

பெங்களூர் வாசகர்களுக்கு ஒரு செய்தி. போல்ட் ரைபிள் இப்போது இந்த ஊரிலேயே தயாராகிறது. எஸ்.எஸ்.எஸ். டிஃபென்ஸ் என்ற தனியார் கம்பெனி, 7.62 மில்லிமீட்டரில் ‘வைப்பர்’, .338 அளவில் ‘சேபர்’ என்ற இரண்டு தொலைதூர ரைபிள்களை வடிவமைத்திருக்கிறது. வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய ஆர்டர் கிடைத்திருப்பதாக 2024-ல் செய்தி வெளியானது. இவை படைகளுக்கானவை, பொதுமக்களுக்குக் கிடைக்காது. ஆனால் எச்.எம்.டி. லேத்துகளும் டூல்ரூம்களும் வளர்த்துவிட்ட ஊர், நூலிழைக் கணக்கில் துல்லியம் கேட்கும் இந்த வேலைக்கும் வந்து சேர்ந்திருப்பதில் ஆச்சரியமில்லை.

விளையாட்டில் ஒரு பெருமை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலைப் போட்டியில் இந்தியாவுக்கு வெண்கலம் வாங்கித் தந்தவர் ஸ்வப்னில் குசாலே. சென்ட்ரல் ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக வேலை பார்த்தவர்! மாதச் சம்பளக்காரர் வீட்டுப் பிள்ளையும் இந்தத் துறையில் மேலே வரலாம் என்பதற்கு அவர் எடுத்துக்காட்டு.

காடு இப்போது யாருக்கு?

வேட்டை முடிந்துபோன கதை. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. ஆண்டர்சன் அலைந்த ஓசூர்ப் பக்கத்துக் காடுகள் 2014-ல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயத்தில் சேர்ந்தன. அங்கே துப்பாக்கியோடு நுழைந்தால் சிறைதான்.

ஆனால் துப்பாக்கிகள் மறையவில்லை. காபித் தோட்டங்களிலும், பழைய ஜமீன் வீடுகளிலும், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள் வீட்டிலும் இருக்கின்றன. குடகு மக்களுக்கு வெள்ளையர் காலம் முதல் இருந்து வரும் லைசென்ஸ் விலக்கு 2029 அக்டோபர் வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. கைல் போது பண்டிகையில் அவர்கள் துப்பாக்கிக்குப் பூ வைத்துப் பூஜை செய்கிறார்கள்.

1980-களின் நடுவில் தனியார் இறக்குமதி நிறுத்தப்பட்டதால், இந்தியாவில் பழைய மவுசருக்கும் ரிக்பிக்கும் மவுசு கூடிவிட்டது. தாத்தா காலத்துத் துப்பாக்கி கை மாறிக்கொண்டே வருகிறது. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

வீட்டில் பழைய ரைபிள் இருந்தால்...

லைசென்ஸ்தாரர் இறந்துபோனால், வாரிசு அந்தத் துப்பாக்கியைப் பீரோவில் பூட்டி வைத்திருப்பது குற்றம். தாமதமின்றி போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். பிறகு வாரிசு தன் பெயருக்கு லைசென்ஸ் கேட்டு விண்ணப்பிக்கலாம். லைசென்ஸ்தாரருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ, 25 ஆண்டுகள் துப்பாக்கியை வைத்திருந்தாலோ, அவர் உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றவும் விதி உண்டு. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. லைசென்ஸ் காலம் மூன்று ஆண்டிலிருந்து ஐந்தாக உயர்ந்திருக்கிறது.

சட்டம் முடிந்தது, இனி இரும்பு. போல்ட்டில் உள்ள நம்பரும் ரிசீவரில் உள்ள நம்பரும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். வேறு துப்பாக்கியின் போல்ட் உள்ளே நுழையும், பூட்டும், ஆனால் தோட்டாவுக்கும் போல்ட் முகத்துக்கும் உள்ள இடைவெளி மாறியிருக்கும். இடைவெளி அதிகமானால் பித்தளைக் கூடு பின்னால் இழுபட்டுக் கிழியும். சூடான ஆவி முகத்தில் அடிக்கும்.

இதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. தொழிற்சாலையில் உள்ளதைப் போலவே இதற்கும் ‘கோ’, ‘நோ-கோ’ கேஜ்கள் உண்டு. ‘கோ’ வைத்தால் போல்ட் மூட வேண்டும். ‘நோ-கோ’ வைத்தால் மூடக்கூடாது. மூடினால் அந்தத் துப்பாக்கி சுவரில் மாட்டத்தான் லாயக்கு. லைசென்ஸ் பெற்ற துப்பாக்கி மெக்கானிக் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

தோட்டாவும் முக்கியம். குழலில் பொறித்திருக்கும் அளவைத் தவிர வேறெதையும் போடக்கூடாது. அளவு ஒன்றாக இருந்தாலும், பழைய ரைபிளுக்கு மருந்து அதிகமுள்ள தோட்டா ஆகாது. 7 மில்லிமீட்டர் மவுசர் தோட்டாவை அமெரிக்க கம்பெனிகள் இன்றும் மருந்தை அடக்கியே தயாரிக்கின்றன. 1893, 1895 மாடல் ரைபிள்கள் இன்னும் பலர் கையில் இருப்பதுதான் காரணம்.

எது மேல்?

பாயும் மிருகத்தின் முன்னால் நின்றால் பழைய மவுசரின் கொக்கி. தூரத்து அட்டையில் குறி வைத்தால் புதிய ரைபிளின் துல்லியம். விலையைப் பார்த்தால் புதியது. கைவேலையின் அழகைப் பார்த்தால் பழையது. இதுதான் விவரமறிந்தவர்கள் பொதுவாகச் சொல்லும் தீர்ப்பு.

ஆனால் சிதறிய ஸ்பிரிங்ஃபீல்டும், பாய்ந்த ராஸ் போல்ட்டும், தானே வெடித்த விசையும் வேறொன்றைச் சொல்கின்றன. வருடத்தைப் பார்த்துத் துப்பாக்கியை நம்ப முடியாது. ஒன்றில் உலையின் சூட்டை அளக்காமல் விட்டார்கள். ஒன்றில் தவறாக மாட்டினால் என்ன ஆகும் என்று யோசிக்காமல் விட்டார்கள். ஒன்றில் வந்த புகார்களுக்கு முடிவு காணப் பல வருடம் எடுத்துக்கொண்டார்கள். மூன்றிலும் விலை கொடுத்தவர் கடைசியில் துப்பாக்கியைப் பிடித்தவரோ, பக்கத்தில் நின்றவரோதான்.

மெஷின் முன்னால் நின்று கேஜ் போட்டுப் பார்த்து, ‘ரிஜெக்ட்’ என்று ஒரு சாமானை ஒதுக்கி வைக்கும் தொழிலாளிக்கு இது புதிய பாடம் அல்ல. அவர் ஒதுக்கும் ஒவ்வொரு சாமானும், எங்கோ ஒருவரின் கண்ணையோ உயிரையோ காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.